பல்லாரித் தோலும் ஒரு அட்டை முட்டையும்

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு பெட்டி நிறையச் சாமான் இருக்கிறது. குடில், சுரூபங்கள், காகித நட்சத்திரம், போன வருடம் எரிந்து இந்த வருடம் எரியாத சீரியல் விளக்கு. பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, ஒன்றும் கிடையாது. நாற்பது நாள் தவக்காலம் இருந்து, பெரிய சனி இரவு கோவிலுக்குப் போய், மெழுகுதிரியும் கையுமாக இரண்டு மணிக்குத் திரும்பிப் படுத்தால், விடிந்ததும் பிரியாணி. மத்தியானம் எல்லாரும் தூக்கம். சாயங்காலம் எழுந்து பார்த்தால் வீடு வழக்கமான ஞாயிற்றுக்கிழமை போலத்தான் இருக்கும். இத்தனைக்கும் திருச்சபைக் கணக்கில் பாஸ்கா காலம் பெந்தெகொஸ்தே திருநாள் வரை 50 நாள். கிறிஸ்துமஸ் காலத்தைவிட நீளம்.

2024 ஈஸ்டர் அன்று என் மகள், "குடிலை எப்பம்மா இறக்குவோம்?" என்று கேட்டாள். அடுத்த வருடம் ஏதாவது செய்யலாம் என்று வாய்விட்டேன். அவள் மறக்கவில்லை. 2025 மார்ச் 5, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று, நெற்றியில் சாம்பலோடு வந்து ஞாபகப்படுத்தினாள். அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 20. கையில் ஆறரை வாரம்.

கடையில் பிளாஸ்டிக் முட்டையும் துணி முயலும் வாங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு. மூன்று வேலை எடுத்துக்கொண்டோம்: சாயம் ஏற்றிய முட்டைகள் தொங்கும் மரம், வாசலுக்கு ஓலைத் தோரணம், சாமி மேடைக்குக் கீழே ஒரு கல்லறைத் தோட்டம். எல்லாம் தூத்துக்குடியில் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கிற பொருளில். அது முழுதாக நிறைவேறவில்லை. தேன்மெழுகுக்கு மட்டும் பஸ் ஏற வேண்டியிருந்தது.

முதல் தடை அம்மா. ஒரு அட்டை முட்டை, அதாவது முப்பது, வண்டியில் கொண்டுவந்து இறக்கினேன். "தபசுகாலத்துல எதுக்குடி இத்தன முட்ட?" என்றாள். எங்கள் வீட்டில் தவக்காலம் முழுக்கக் கறி கிடையாது, முட்டையும் கிடையாது. நான் சரித்திரம் சொன்னேன். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் முட்டை சாப்பிடத் தடை. கோழிக்கு நோன்பு தெரியாதே, அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். சேர்ந்த முட்டையெல்லாம் ஈஸ்டர் அன்று பந்திக்கு வரும். ஈஸ்டர் முட்டை என்ற வழக்கம் ஊன்றியதற்கு அது ஒரு பெரிய காரணம். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோழி இடலாம். நீ ஏன் வாங்குன?" என்றாள்.

முட்டைக்குள் இருப்பதை மாடிவீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிடுவது என்று சமாதானம் ஆனது. அவர்கள் வீட்டில் இரண்டு பையன்கள், நோன்பு கிடையாது, ஆம்லெட்டுக்குக் கணக்கும் கிடையாது. இந்த ஊரில் முட்டை வெள்ளை வீணாகப் போவதைப் பார்க்கவே மனசு வராது. மக்ரூன் செய்கிற ஊர். வெள்ளையும் சீனியும் முந்திரியும்தான் மக்ரூன். ஆனால் ஓட்டையிட்டு வெளியேற்றும் முட்டையில் வெள்ளையும் கருவும் கலங்கித்தான் வரும். மக்ரூன் கனவு அதோடு சரி.

முட்டை விஷயத்தில் ஒரு வசதி நமக்கு உண்டு. கடைகளில் வருவது பெரும்பாலும் நாமக்கல் பண்ணை முட்டை, ஓடு சுத்த வெள்ளை. சாயம் ஏற்ற இதைவிட நல்ல பரப்பு வேண்டாம். நாட்டுக்கோழி முட்டை ஒன்றும் வைத்துப் பார்த்தேன். அந்தப் பழுப்பு ஓட்டில் வெங்காயச் சாயம் அழகாகவே ஏறும், மற்ற நிறமெல்லாம் சேறாகிவிடும்.

அட்டை முப்பதில் ஒன்று வண்டியிலேயே விரிசல். மிச்சம் 29. அதில் ஆறை எடுத்து முதல் சோதனை. இரண்டு பீட்ரூட்டுக்கு, இரண்டு மஞ்சளுக்கு, இரண்டு சங்குப்பூவுக்கு.

இங்கே பெரிய தப்பு ஒன்று செய்தேன். முட்டைகளை முதலில் காலி செய்துவிட்டு, அப்புறம் சாயத்தில் போட்டேன். காலி முட்டை மிதக்கும். இது எட்டு வயசுப் பிள்ளைக்கே தெரியும், எனக்குத் தோன்றவில்லை. பாதி ஓடு சாயத்துக்குள், பாதி வெளியே. மேலே ஒரு சின்னத் தட்டை வைத்து அமுக்கினால் அது சரிந்து ஓடு நசுங்கியது. சங்குப்பூ முட்டை ஒன்று அப்படிப் போயிற்று. மற்றதைக் கரண்டியால் உருட்டிக்கொண்டே அரைமணி நேரம் நின்றேன். அன்றைக்குக் கற்றது: முட்டை முழுசாக இருக்கும்போதே சாயம், காலி செய்வது கடைசி வேலை.

பீட்ரூட் ஏமாற்றுக்காரி. தண்ணீரில் இருக்கும்போது முட்டை ரோஜா நிறத்தில் மின்னும். எடுத்துக் காய வைத்தால் ஒரு மணி நேரத்தில் துவைத்துத் துவைத்து வெளிறிய துணி மாதிரி ஆகிவிடும். பீட்ரூட்டின் சிவப்பு சூட்டையும் தாங்காது, வெளிச்சத்தையும் தாங்காது. வேக வைத்துச் சாயம் எடுத்ததிலேயே பாதி போயிருக்கும். அந்த இரண்டையும் பிறகு வெங்காயச் சாயத்தில் முக்கிக் காப்பாற்றினேன்.

மஞ்சள் பிரமாதமாக ஏறியது. இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூள், அரை லிட்டர் வெந்நீர், ஒரு மேசைக்கரண்டி வினிகர். கால்மணி நேரத்தில் எலுமிச்சை மஞ்சள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆலத்தி ஞாபகம் வந்தது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்குமே, அதே வேலையை ஓட்டின் மேல் செய்தால் என்ன? வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, ஈர்க்குக்குச்சியால் தொட்டு, மஞ்சள் முட்டையின் மேல் கோடு இழுத்தேன். இழுத்த இடம் சட்டென்று ரத்தச் சிவப்பு! மகள் கத்திவிட்டாள். மஞ்சளின் நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் மறுபடி மஞ்சளாகும். மறுநாள் காலையில் அந்தச் சிவப்பு பாதிக்கு மேல் பழுப்பாக இறங்கியிருந்தது. சுண்ணாம்பு காற்றைக் குடித்து வீரியம் இழந்துவிடுகிறது. ஒரு நாள் கூத்துக்குப் பரவாயில்லை, ஐம்பது நாளுக்கு ஆகாது. அதைவிட மோசம், ஜன்னலோரம் வைத்த மஞ்சள் முட்டை ஒரு வாரத்தில் வெளிறிவிட்டது. மஞ்சளுக்கு வெயில் எதிரி, நம் ஊர் வெயில் பரம எதிரி.

சங்குப்பூ எங்கள் வேலியிலேயே கிடக்கிறது. ஐம்பது பூவைப் பறித்து, காம்பு கிள்ளிவிட்டு, இரண்டு டம்ளர் வெந்நீரில் ஊறப் போட்டால் மை நீலம். வினிகர் விட்டதும் தண்ணீர் ஊதாவானது, எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆனால் முட்டை ஓடு சுண்ணாம்பு வகை. அதில் ஒட்டிய சாயம் காயக் காயத் திரும்ப நீலத்துக்கே வந்தது. மேகம் மூடிய கடல் மாதிரி ஒரு சாம்பல் நீலம். இரவு முழுக்க ஊறினால்தான் அந்த நிறம்.

ஆனால் ராஜா பல்லாரித் தோல்தான். எங்கள் பக்கம் பெரிய வெங்காயத்தைப் பல்லாரி என்போம். சாம்பல் புதனிலிருந்தே அடுப்படியில் ஆணியில் ஒரு துணிப்பை தொங்கவிட்டு, உரிக்கிற காய்ந்த தோலையெல்லாம் அதில் போட்டு வந்தேன். மூன்று வாரத்துக்குப் பிறகும் பை பாதிதான். காய்கறிக் கடைக்காரரிடம் கேட்டேன். கூடையின் அடியில் உதிர்ந்து கிடப்பதை ஒரு பை நிறைய வாரிக் கொடுத்துவிட்டு, "எதுக்குக்கா, உரத்துக்கா?" என்றார். முட்டைக்கு என்றேன். மேற்கொண்டு அவர் கேட்கவில்லை.

செய்முறை இவ்வளவுதான். ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் தோலை அமுக்கி நிரப்பி, மூழ்கத் தண்ணீர் விட்டு, நாற்பது நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட வேண்டும். டிகாக்‌ஷன் மாதிரி ஆனதும் வடிகட்டி, நன்றாக ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி வினிகர். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், அலுமினியத்தில் நிறம் மாறுகிறது. முட்டையைப் போடுமுன் வினிகர் நனைத்த பஞ்சால் ஒருதரம் துடைக்க வேண்டும். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த நாளில் இந்த வேலையே வேண்டாம். என் கட்டைவிரல் ரேகை இரண்டு முட்டையில் பதிந்து நிரந்தரமாகிவிட்டது.

சூடான சாயத்தில் அரைமணி நேரத்தில் கிடைக்கும் அடர்த்தி ஆறிய சாயத்தில் கிடைக்காது. ஆனால் சூட்டில் போட்டால் முட்டை வெந்துவிடும், அப்புறம் காலி செய்வது எப்படி? அதனால் ஆறிய சாயம், ஒரு இரவு, குளிர்சாதனப் பெட்டிக்குள். காலையில் எடுத்தால் செங்கல் நிறம். இரண்டாம் இரவும் விட்டால் காய்ந்த மிளகாய் நிறம். கிரேக்கர்கள் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று முட்டையைச் சிவப்பாக்குகிறார்கள், அங்கும் பல வீடுகளில் வெங்காயத் தோல்தான். ஒரே தோல் இத்தனை ஊரில் ஒரே வேலைக்குப் போகிறது.

வினிகர் விஷயத்தில் கை தாராளம் கூடாது. அமிலம் ஓட்டைக் கொஞ்சம் அரித்து, குமிழி விட்டு, சாயம் பிடிக்க இடம் பண்ணிக் கொடுக்கிறது. அதுவரைக்கும் சரி. நிறம் இன்னும் கூடட்டும் என்று ஒரு பாத்திரத்தில் கால் டம்ளர் ஊற்றினேன். காலையில் அந்த முட்டையின் நிறம் தொட்ட விரலோடு பொடியாக வந்தது. ஓடு மெலிந்திருந்தது தெரியாமல் ஊசி வைத்தேன், பொளக்.

அடுத்து இலை அச்சு. ஐரோப்பாவில் ஒரு சின்ன இலையை முட்டை மேல் ஒட்டி, பழைய நைலான் காலுறைக்குள் இறுக்கிக் கட்டி, சாயத்தில் போடுவார்கள். இலை இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். எங்கள் வீட்டில் நைலான் காலுறைக்கு எங்கே போக? கிழிந்த கொசுவலையை வெட்டினேன். மல்லி இலை நன்றாக விழுந்தது. முருங்கை இலை தடிமனாக இருந்து ஓரத்தில் சாயம் புகுந்துவிட்டது. வேப்பங்கொழுந்து அருமை, அந்தப் பல் பல்லான ஓரம் அப்படியே வந்தது. எதிர்பாராத ஒன்று, வலையின் கட்டமும் லேசாக முட்டை முழுக்கப் பதிந்திருந்தது. தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் மீன்வலைக்குள் முட்டை மாட்டின மாதிரி, கடற்கரை ஊருக்குப் பொருத்தமாக இருந்தது. வேண்டுமென்றே இன்னும் மூன்று அப்படிச் செய்தோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மெழுகு வேலை. உக்ரைனில் முட்டை மேல் உருகிய தேன்மெழுகால் கோடு இழுத்துச் சாயத்தில் முக்குவார்கள், மெழுகு மூடிய இடத்தில் நிறம் ஏறாது. இப்படியே வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். பிசாங்கா என்று பெயர். 'எழுதுதல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நாமும் ஓவியத்தை எழுதியவர்கள்தானே. 'சித்திரம் எழுதினாள்' என்பது பழைய தமிழ். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கலையை மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்களுடைய புனல் முனைக் கருவி என்னிடம் இல்லை. குண்டூசியின் குண்டுப்பக்கம் வெளியே இருக்கும்படி பென்சில் ரப்பரில் குத்திக்கொண்டேன். அதை மெழுகில் தொட்டு வைத்தால் புள்ளி, தொட்டு இழுத்தால் நீர்த்துளி. புள்ளியும் துளியும் போதாதா, கோலம் வந்துவிடாதா? ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலத்தை முட்டையின் இடுப்பைச் சுற்றி வைத்தேன். வட்டமாகச் சுற்றிவந்து முதல் புள்ளியைச் சந்திக்கும்போது ஒரு புள்ளி மிஞ்சும். தரையில் வராத கணக்கு இது. மூன்றாவது முட்டையில்தான் இடைவெளி பிடிபட்டது.

முதலில் சாதாரண மெழுகுதிரியை உருக்கித்தான் செய்தேன். அது காய்ந்ததும் செதில் செதிலாகத் தெறித்துச் சாயம் உள்ளே புகுந்தது. தேன்மெழுகு பிசுபிசுப்பு உள்ளது, ஓட்டை விடாது. நாட்டு மருந்துக் கடையில் ஐம்பது கிராம் வாங்கினேன், பஸ் ஏறினது அதற்குத்தான். ஏப்ரல் வெயிலில் பத்து மணிக்கு மேல் மெழுகுப் புள்ளி விரல் பட்டாலே இழுகுகிறது. விடிகாலை ஐந்தரைக்கு உட்கார்ந்து ஏழுக்குள் முடித்துவிடுவேன். மெழுகு முட்டைக்கும் ஆறிய சாயம்தான், சூட்டில் போட்டால் கோலமெல்லாம் உருகி மேலே மிதக்கும். சாயம் காய்ந்ததும் முட்டையை மெழுகுதிரிச் சுடரின் பக்கவாட்டில் காட்டி, இளகிய மெழுகைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சுடருக்கு மேலே காட்டினால் கரி பிடிக்கும். கரி பிடித்த ஒன்றை மரத்தில் பின்பக்கமாகத் தொங்கவிட்டேன்.

காலி செய்வது: கோணி ஊசியால் அடியில் பெரிய ஓட்டை, தலையில் சின்ன ஓட்டை. குத்தக்கூடாது, திருகித் திருகித் துளைக்க வேண்டும். ஊசியை உள்ளே விட்டுக் கருவைக் கலக்கி, பத்து மில்லி சிரிஞ்சால் மேலிருந்து காற்றை அழுத்தினால் கீழே கிண்ணத்தில் இறங்கிவிடும். வாயால் ஊதுவதை விட்டுவிடுங்கள். பச்சை முட்டை, கிருமி இருக்கும், கன்னமும் வலிக்கும். அதே சிரிஞ்சால் உள்ளே தண்ணீர் ஏற்றிக் குலுக்கி இரண்டு முறை கழுவ வேண்டும். இதை நான்கு முட்டைக்குச் செய்யாமல் விட்டேன். மறுநாள் காலை அட்டையைச் சுற்றி எறும்பு வரிசை. ஒன்று நாறிப் போய் எறிந்தாயிற்று. இந்தக் கட்டத்தில் துளைக்கும்போது உடைந்தது இரண்டு, வினிகரில் மெலிந்தது ஒன்று. ஆக மரத்துக்கு வந்து சேர்ந்தது 24.

ஜெர்மனியில் சால்ஃபெல்டு என்ற ஊரில் ஒரு குடும்பம் 1965-இல் தோட்டத்து ஆப்பிள் மரத்தில் 18 முட்டை தொங்கவிட்டு ஆரம்பித்து, கடைசியில் பத்தாயிரம் முட்டை வரை போனது. எனக்கு 24 போதும். ஆப்பிள் மரத்துக்குப் பதில் உடைமரக் கொப்பு. காய்ந்து வெள்ளையாக, முள்ளோடு, குடை மாதிரி விரிந்து நின்றது. பிள்ளைகளின் கண் உயரத்துக்கு இருக்கும் முள்ளையெல்லாம் கத்தரித்தேன், மேலே இருப்பதை விட்டுவிட்டேன். நூல் மாட்ட வசதி. அம்மா, "பெரிய வெள்ளிக்குத்தான் முள்ளு" என்றாள். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு தொட்டியில் மணலும் செங்கல் துண்டும் போட்டுக் கொப்பை நட்டோம்.

தொங்கவிட ஒரு சின்ன வித்தை. பாதித் தீக்குச்சியின் நடுவில் நூலைக் கட்டி, தலை ஓட்டை வழியாகக் குச்சியை நெட்டுக்குத்தாக உள்ளே விட்டு, நூலை இழுத்தால் குச்சி குறுக்கே விழுந்து பிடித்துக்கொள்ளும். பசை தேவையில்லை.

பெரிய வியாழன் இரவு எல்லாம் தொங்கவிட்டுப் படுத்தோம். நடுராத்திரி கலகலவென்று சத்தம். கூடத்தில் ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் எவருக்கும் இந்தப் பிரச்சினை வந்திருக்காது. மூன்று முட்டை சுக்கல். ஏப்ரலில் ஃபேனை நிறுத்து என்று யாரிடம் சொல்வது? மரத்தை மூலைக்குத் தள்ளி, நூலைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொன்றின் அடி ஓட்டை வழியாகவும் கொஞ்சம் உருகிய மெழுகு விட்டு அடியைக் கனமாக்கினேன். அதற்குப் பிறகு மெல்ல ஆடியதோடு சரி. 21.

தோரணக் கதை வேறு. ஏப்ரல் 13 குருத்தோலை ஞாயிறு அன்று கோவிலில் வாங்கிய ஓலை வீட்டில் நிறைய இருந்தது, அதை எடுக்கலாம் என்று கை நீட்டினேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். மந்திரித்த ஓலை திருக்குடும்பப் படத்துக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். அடுத்த தவக்காலத்துக்கு முன் கோவிலில் திருப்பிக் கொடுத்தால், அதை எரித்த சாம்பல்தான் சாம்பல் புதனுக்கு நெற்றிக்கு வரும். சரிதான். தென்னை ஏறும் அண்ணனிடம் சொல்லி, பெரிய சனி காலையில் வெட்டிய குருத்து ஒன்று தனியாக வாங்கினேன். குருத்து வெளிச்சத்தில் கிடந்தால் சுருண்டுவிடும், ஈரச்சாக்கில் சுற்றி வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

ஈர்க்கை உரித்து, ஓலையை மடித்து, பிளேடால் கீறி, கீறிய நாக்குகளை உள்ளே சொருகினால் குருவி. சின்ன வயதில் கல்யாண வீட்டுப் பந்தலில் பார்த்துப் பார்த்துக் கற்றது, கை மறக்கவில்லை. ஒரு ஓலைக்கு மூன்று குருவி என்று பன்னிரண்டு முடித்து வாசலில் கட்டிக்கொண்டிருந்தேன். சம்பளம் வாங்க வந்த தென்னை அண்ணன் நின்று பார்த்தார். "யாருக்கும்மா என்ன ஆச்சு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "நாலு குருவி நல்லதுக்கு. மூணு குருவி துட்டிக்குல்லா கட்டுவாக" என்றார். துட்டி என்றால் சாவு. நான் விடவில்லை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி, எங்களுக்கு மூன்று நல்ல எண்தானே என்றேன். "கோயிலுக்குள்ள அது சரி. தெருவுல போறவனுக்குத் தெரியுமா?" என்றார். அம்மா உள்ளேயிருந்து வந்து பன்னிரண்டையும் அவிழ்த்துவிட்டாள். மத்தியான வெயிலில் உட்கார்ந்து மறுபடி நாலு குருவி. ஓலை பற்றாமல் ஒன்பதுதான் தேறியது. இடையில் மகள் வெட்டிய அட்டை எழுத்துகளைக் கோத்தோம்: அ, ல், லே, லூ, யா. தவக்காலம் முழுக்கக் கோவிலில் பாடாத சொல். 'லூ'வின் சுழியை அட்டையில் வெட்டுவது முட்டையைத் துளைப்பதைவிடக் கஷ்டம், நான்கு அட்டை போயிற்று.

கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு பெரிய தாம்பாளம். அண்ணன் மகன் செம்மணல் மேடான குதிரைமொழித் தேரிப் பக்கமிருந்து ஒரு பை செம்மணல் கொண்டுவந்தான். இரும்புச் சத்து ஏறின அந்தச் சிவப்புக்கு எந்தச் சாயமும் ஈடில்லை. ஆனால் தண்ணீரை நிறுத்தாது. முதல் தடவை தூவின வெந்தயம் அப்படியே காய்ந்தது. அடியில் தேங்காய் நார்க்கழிவும் தொழுவுரமும் பரப்பி, மேலே மட்டும் தேரி மணல் தூவினேன். குருத்தோலை ஞாயிறு அன்று வெந்தயமும் கேழ்வரகும் விதைத்து, ஈரத்துணி மூடி, முளை கண்டதும் எடுத்தேன். ஆறு நாளில் வெந்தயம் இரண்டு விரல் உயரம். கேழ்வரகுதான் நிஜப் புல் மாதிரி இருந்தது, அடுத்த முறை அது மட்டும் போதும். சின்னக் கலயம் ஒன்றைச் சாய்த்துப் பாதி புதைத்தால் கல்லறை. வாய்க்கு ஒரு உருண்டைக் கல். பின்னால் ஈர்க்கில் கட்டிய மூன்று சிலுவை. கலயத்துக்குள் ஒரு வெள்ளைத் துணித் துண்டை மடித்து வைத்தது மகளின் யோசனை. கல்லை ஞாயிறு விடியலில்தான் நகர்த்த வேண்டும் என்று பேச்சு. பெரிய வெள்ளி மத்தியானமே இரண்டு முறை நகர்ந்திருந்தது. கேட்டதற்கு, துணி நனைந்திருக்கிறதா என்று பார்த்தாளாம்.

பெரிய சனி இரவுத் திருவிழிப்புப் பூசை முடிந்து இரண்டு மணிக்கு வந்து, கோவிலில் ஏற்றின மெழுகுதிரியை மரத்தடியில் வைத்தோம். விளக்கைப் போடவில்லை. கோல முட்டைகளின் வெள்ளைப் புள்ளி மட்டும் தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டியது, ஃபேனைப் போட்டோம். சின்ன ஓட்டத்தில்.

திங்கள் மத்தியானம் போப் பிரான்சிஸ் இறந்துவிட்ட செய்தி வந்தது. பக்கத்து வீட்டு அத்தை வந்து, தோரணத்தை அவிழ்க்கவில்லையா என்று கேட்டார். அம்மா வாசலுக்குப் போய்க் குருவிகளை நிமிர்ந்து பார்த்தாள். "நாலுதான் இருக்கு. இருக்கட்டும், பாஸ்கா வாரம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஜூன் 8 பெந்தெகொஸ்தே. மறுநாள் மரத்தைக் கலைத்தேன். தோரணம் மே முதல் வாரமே சருகாகிவிட்டது. கேழ்வரகை மாடிவீட்டுப் பையன்களின் முயல் தின்றது, முயல் இந்தக் கதைக்குள் வந்தது அவ்வளவுதான். 21 முட்டையில் ஒன்றைப் பல்லி தள்ளிவிட்டது, இன்னொன்று என் கையில். மஞ்சள் இரண்டும் வெளிறி எலும்பு நிறம். சங்குப்பூ சாம்பலாகிவிட்டது. வெங்காயத்தில் ஊறியது எல்லாம், பீட்ரூட்டிலிருந்து மீட்டவை உட்பட, போட்ட நிறத்தில் நிற்கின்றன. அடுத்த வருடம் மஞ்சளுக்குப் பதில் மாதுளைத் தோல் வைத்துப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பதையும் அதே அட்டைக் குழிகளில் வைத்து, மேலே இன்னொரு அட்டை கவிழ்த்து, நூல் கட்டி, இரண்டு வசம்புத் துண்டோடு பரணில் கிறிஸ்துமஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஏற்றினேன். இறங்கும்போது அம்மா அடுப்படியில் பல்லாரி உரித்துக்கொண்டிருந்தாள். துணிப்பையைத் துவைத்துப் போட்டிருந்தேன், ஆணி காலியாக இருந்தது. "பை எங்க?" என்றாள்.